ஷிகேயைத் திட்ட முடியவில்லை

நேற்று ராத்திரி எங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் "உலகின் தலைசிறந்த பத்து டிராமா படங்கள்" என்று ஒரு பட்டியலை ஃபார்வர்ட் செய்திருந்தான். திறக்காமலேயே முதலிடம் எதுவென்று சொல்லிவிடலாம். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் பல வருடமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் படம். அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. 1994இல் தியேட்டரில் சரியாக ஓடாமல், 7 ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றுகூடக் கைக்கு வராமல், அப்புறம் வீடியோவிலும் டிவியிலும் ஜனங்களே கண்டெடுத்துத் தூக்கிவிட்ட படம். நானே நாலு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் டிராமாவின் உச்சம் என்றால் ஒப்பவில்லை. காரணம், அதில் ஒரு சிறை வார்டன் வருகிறார். வாயில் பைபிள், கையில் கொள்ளைப் பணம். அவர் வந்து நின்றதுமே யாரை வெறுக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் நமக்கு வேலை இல்லை, சாய்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். குரூப்பில் இதைச் சொன்னதும், அப்படியானால் எதைத்தான் பார்ப்பது என்று கேட்டார்கள்.

நம்மிடையே டிராமா என்ற சொல்லுக்கே நல்ல பேர் கிடையாது. "சும்மா டிராமா போடாதே" என்றால் பொய்யழுகை வேண்டாம் என்று அர்த்தம். அதனாலோ என்னவோ, டிராமா படம் என்றால் யாராவது மழையில் நனைந்தபடி நாலு பக்கம் வசனம் பேசியாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நான் வைத்திருக்கும் சோதனை வேறு. படம் முடிந்ததும் "இதில் தப்பு யார்மேல?" என்று கேட்டுப் பார்ப்பேன். பதில் சட்டென்று வந்தால் நல்ல படமாக இருக்கலாம், அவ்வளவுதான். பதில் சொல்லத் திணறி, கடைசியில் விரல் என் பக்கமே திரும்பினால் அந்தப் படத்தைப் பட்டியலில் சேர்ப்பேன்.

அந்தக் கணக்கில் எனக்கு முதலில் வருவது யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்த படம். அதைச் சொல்லி யாரையும் மிரட்டப் போவதில்லை. காலேஜ் காலத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் முதல்தடவை போட்டபோது நான் அரைமணி நேரத்தில் தூங்கிவிட்டேன். கேமரா ஏறக்குறைய நகரவே நகராது. பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் அதுவும் உட்கார்ந்துகொள்ளும். மனிதர்கள் வருவார்கள், பேசுவார்கள், போவார்கள்.

கதை நாலே வரி. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறுகிறார்கள். மூத்தவன் டாக்டர். மகள் ஷிகே வீட்டிலேயே சின்னதாக அழகு நிலையம் நடத்துகிறாள். போரில் செத்துப்போன இன்னொரு மகனின் மனைவி நொரிகோ ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. ஊர் திரும்பியதும் அம்மா படுக்கையில் விழுந்து இறந்துபோகிறாள்.

இந்த ஷிகேயை நீங்கள் பார்க்க வேண்டும். ஹாருகோ சுகிமுரா நடித்திருக்கிறார். மாமனார் மாமியாருக்கென்று அவள் புருஷன் நல்ல பலகாரமாக வாங்கி வருகிறான். இவ்வளவு விலையில் எதற்கு என்று சலித்துக்கொண்டே ஷிகே அதை எடுத்துத் தின்கிறாள். கடைக்கு வந்த வாடிக்கையாளர் "யார் இவங்க?" என்று கேட்டால், "ஊர்ல தெரிஞ்சவங்க" என்கிறாள். பெற்றவர்களை! அம்மா சீரியஸ் என்று தந்தி வந்ததும் அண்ணனிடம், துக்கத்துக்கான உடையையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம், தேவைப்படாவிட்டால் நல்லதுதானே என்கிறாள். அம்மா போனதும் குலுங்கி அழுபவளும் அவள்தான். காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே அம்மாவின் உடைகளில் எது எது தனக்கு வேண்டும் என்று கேட்கிறாள்.

எழுதிப் பார்த்தால் ராட்சசி மாதிரிதான் தெரிகிறது. படத்தில் அப்படி இல்லை. ஒரு ராத்திரி அப்பா பழைய சிநேகிதர்களோடு மூக்குமுட்டக் குடித்துவிட்டு, போலீஸ்காரர் கொண்டுவந்து விடும் நிலையில், இன்னொருவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறார். இரண்டு பேரும் கடையின் சுழல்நாற்காலிகளில் சரிந்துகிடக்கிறார்கள். ஷிகே புலம்புகிறாள்: முன்னாலெல்லாம் அப்பா இப்படித்தான் குடித்துவிட்டு வருவார், அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை, கடைசித் தங்கை பிறந்த பிறகுதான் நிறுத்தினார் என்று. அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதுவரை நாம் பார்த்துக்கொண்டிருந்த சாதுவான கிழவருக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. இந்த மகள் சும்மா ஒன்றும் கல்லாகிவிடவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவள் நொரிகோ. ஆபீஸில் ஒருநாள் லீவு கேட்டு வாங்கி மாமனார் மாமியாருக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறாள். பக்கத்துவீட்டில் சாகே என்ற அரிசி மது கடன் வாங்கி வந்து மாமனாருக்கு ஊற்றுகிறாள். நொரிகோவாக நடித்த செட்சுகோ ஹாராவின் அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளைத் தெய்வமாக்கிவிடலாம் என்று நாம் தயாராகும்போது, கடைசியில் அவளே மாமனாரிடம் சொல்கிறாள், நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை, உங்கள் மகனை நினைக்காமலேயே பல நாள் கழிகிறது என்று. இளைய நாத்தனார் ஷிகேயைக் குறைசொல்லும்போதும் நொரிகோ விட்டுக்கொடுக்கவில்லை. அந்தந்த வயதில் அவரவர்க்கு அவரவர் வாழ்க்கை, நானும் அப்படித்தான் ஆவேன் என்கிறாள்.

(இன்னொரு சங்கதி. கிழவராக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது வயது 49. மகளாக நடித்த சுகிமுரா அவரைவிடச் சில வயதுதான் இளையவர். முதுகைக் கொஞ்சம் வளைத்து, பேச்சுக்கு முன்னால் ஒரு "ம்ம்..." போட்டு மனிதர் எழுபதைத் தொட்டுவிடுகிறார்.)

நான் இந்தப் படத்தை இரண்டாவது தடவை பார்த்தது முப்பத்தாறு வயதில். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்து ஒரு வாரம் தங்கிப் போயிருந்தார்கள். அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய முறுக்கு சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு ஆபீஸில் நெருக்கடி. மூன்றாவது நாளே, காஞ்சிபுரம், மாமல்லபுரம் ஒருநாள் டூர் பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட் போட்டு ஏற்றிவிட்டேன். ஏசி பஸ், மதியச் சாப்பாடு உட்பட. ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நிறைய வேலை முடித்தேன். திரும்பி வந்து அப்பா, "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்றார். அம்மாவுக்கு அந்த ஏசி ஒத்துக்கொள்ளாமல் சளி பிடித்தது எனக்கு ஊரிலிருந்து அக்கா சொல்லித்தான் தெரியும்.

படத்தில் அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டுப் பெற்றவர்களை அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். விடுதியில் ராத்திரி முழுக்க மாஜாங் ஆட்டமும் பாட்டும் கூச்சலும். இரண்டு கிழங்களும் தூங்காமல் கிடந்துவிட்டு, காலையில் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்வார்கள். அந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இதே ரகத்தில் எனக்கு அடுத்தது அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்', 2011. இரானுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்த படம். மனைவி நாட்டைவிட்டுப் போகலாம் என்கிறாள். கணவன், மறதி நோய் பிடித்த அப்பாவை விட்டு வர முடியாது என்கிறான். நீ அவருடைய மகன் என்பதாவது அவருக்குத் தெரியுமா என்று அவள் கேட்க, அவர் என் அப்பா என்பது எனக்குத் தெரியுமே என்கிறான். சரி, இவன்தான் நல்லவன் என்று அங்கேயே கட்சி சேர்ந்துவிடுவோம். அப்புறம் கிழவரைப் பார்த்துக்கொள்ள ரஸியே என்ற கர்ப்பிணி வருகிறாள். கிழவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். அன்னிய ஆணைத் தொட்டுக் கழுவலாமா, அது பாவமா என்று மார்க்க விளக்கம் தருபவர்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். அந்தப் போன் காட்சி ஒன்று போதும், அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். பிற்பாடு சண்டை, கரு கலைதல், கோர்ட்டு, போலீஸ் என்று முறுக்கிக்கொண்டே போகிறது. எல்லோரும் ஒவ்வொரு பொய் சொல்கிறார்கள், ஒவ்வொரு பொய்க்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நான் கட்சி மாறினது மட்டும் ஐந்து தடவை இருக்கும்.

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) பற்றி ஊரே எழுதிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடகில் கிடக்கும் புருஷனின் சைக்கிளை மீட்க அந்த மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை உருவி அடகு வைப்பாளே, அந்தக் கடை ஊழியர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுவார், ஏறுவார், ஏறிக்கொண்டே இருப்பார். மேலே வரை அத்தனையும் இவர்களைப் போன்றவர்களின் விரிப்பு மூட்டைகள். மீட்ட சைக்கிளும் திருடு போக, திருடனைத் தேடிப் பிடித்தால் அவன் வீடும் இதே தரித்திரம். யாரைப் போய் அடிப்பது?

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் அம்மா சர்பஜயா, வீட்டோடு ஒட்டியிருக்கும் உறவுக்காரக் கிழவியை விரட்டுவாள். சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் இன்னொரு வாய் என்ற கணக்கு அது. அந்தக் கிழவி மூங்கில் தோப்பில் செத்துக்கிடப்பதைப் பிள்ளைகள்தான் முதலில் பார்க்கின்றன. பின்னால் சர்பஜயா தன் மகளைப் பறிகொடுக்கிறாள். மகள் போனது தெரியாமல் ஊர் திரும்பிய புருஷன், அவளுக்கென்று வாங்கிய புடவையைக் கையில் கொடுக்கும்போது சர்பஜயா கதறுகிறாள். அந்தக் கதறலை ராய் நமக்குக் கேட்கவிடவில்லை. அதற்குப் பதில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியம் வீறிடுகிறது. கிழவியை விரட்டியவள் இவள்தான் என்ற ஞாபகம் அப்போது யாருக்கும் வராது.

குரூப்பில் என்னைக் கேட்டவர்களுக்கு: முதலில் 'எ செபரேஷன்' பாருங்கள், துப்பறியும் கதை மாதிரி இழுத்துக்கொண்டு போகும். 'டோக்கியோ ஸ்டோரி'யை மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிக்காதீர்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதை அப்பாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். ஆரம்பத்தில் கிழவர் ஊருக்குக் கிளம்பும்போது காற்றுத் தலையணையைக் காணோம், உன்னிடம்தானே கொடுத்தேன் என்று மனைவியிடம் சாதிப்பார். கடைசியில் அது அவர் பையிலேயே கிடக்கும். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள். சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு அப்பாவால் படிக்க முடியவில்லை, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இருவரும் அட்டாமியிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட, இன்று ராத்திரி இங்கே சங்கக் கூட்டம் இருக்கிறதே என்று ஷிகே முகத்தைச் சுளிக்கும் இடம் வந்தது.

"அந்தப் பிள்ளையும் என்ன செய்யும்? தொழிலைப் பாக்கணும்லா" என்றார் அப்பா.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் வாடிக்கையாளரிடம் ஊர்ல தெரிஞ்சவங்க என்று சொன்னாள். அந்த ஒரு வரியை மட்டும் நான் தமிழில் சொல்லாமல் விட்டிருந்தேன்.