மிஸ் லியாவோட மாடி ரூம்

ஜூன் 1 வந்தா எனக்கு லியா சேஸ் ஞாபகம் வந்துரும். 2019ல அன்னைக்குத்தான் அவங்க இறந்தாங்க, 96 வயசு. அமெரிக்காவோட தெற்குப் பக்கம் நியூ ஆர்லியன்ஸ்ல ட்ரெமேன்னு ஒரு ஏரியா, அங்க இருக்கு அவங்க குடும்பத்து ரெஸ்டாரன்ட், பேரு டூக்கி சேஸ். தொண்ணூறு வயசு தாண்டியும் அந்த கிச்சனை விடாதவங்க. ஊருக்கே அவங்க மிஸ் லியா.

அவங்களப் பத்தி யார் எழுதினாலும் கிரியோல் (ஃப்ரெஞ்ச், ஆப்பிரிக்க வழிகள் எல்லாம் கலந்த நியூ ஆர்லியன்ஸ் சமையல்) ராணி, எல்லாருக்கும் பாட்டி, 2009ல வந்த டிஸ்னி படத்து இளவரசி டியானாவுக்கு இன்ஸ்பிரேஷன், இதத்தான் எழுதறாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா இத மட்டும் படிக்கும்போது எனக்கு மனசு ஆறல. ஒரு பொம்பளைய குடும்பத்துக்கே தலைவின்னு கொண்டாடும்போது கைமணத்தையும் பாசத்தையும் மட்டும் சொல்லிட்டு அவங்களோட மூளையையும் துணிச்சலையும் சத்தமில்லாம விட்டுடறோம். மிஸ் லியா விஷயத்துல அது பெரிய தப்பு.

1923ல பொறந்தவங்க. வளந்தது நியூ ஆர்லியன்ஸுக்கு ஏரி தாண்டி அந்தப் பக்கம் மேடிசன்வில்னு ஒரு சின்ன ஊர். அப்பா கப்பல் கட்டுற இடத்துல வேலை, வீடு நிறைய பிள்ளைங்க, ஸ்ட்ராபெரி தோட்டத்துல எல்லாருமா சேந்து பழம் பறிப்பாங்க. கறுப்பினப் பிள்ளைங்க படிக்க அந்த ஊர்ல கத்தோலிக்க ஹைஸ்கூல் கிடையாது, அதனால நியூ ஆர்லியன்ஸ்ல சொந்தக்காரங்க வீட்ல தங்கிப் படிச்சாங்க. படிப்பு முடிஞ்சதும் அந்த ஊரோட பழைய பகுதியான ஃப்ரெஞ்ச் குவார்ட்டர்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல சர்வர் வேலை. ரெண்டு அமெச்சூர் பாக்ஸர்களுக்கு மேனேஜரா இருந்திருக்காங்க, குதிரைப் பந்தய புக்கி கடையில போர்டுல நம்பர் எழுதியிருக்காங்க! 1940கள்ல ஒரு கறுப்பினப் பொண்ணு இதெல்லாம் செஞ்சிருக்குன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

சர்வரா இருந்த அந்த இடம் முக்கியம். வெள்ளைக்காரங்க சாப்பிடுற மாதிரி ஒரு ரெஸ்டாரன்டுக்கு கஸ்டமரா அவங்களால உள்ள போகவே முடியாது, வேலைக்காரியா மட்டும்தான் போக முடியும். அப்படிப் போய்த்தான் மேஜையில துணி எப்படி விரிக்கறாங்க, எதுக்கப்புறம் எது பரிமாறுறாங்கன்னு எல்லாத்தையும் பாத்து வெச்சுக்கிட்டாங்க.

1946ல ட்ரம்பெட் வாசிக்கிற ஒரு பேண்ட் லீடரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பேரு எட்கர் டூக்கி சேஸ். மாமனார் மாமியார் 1939ல தெருமுனையில சாண்ட்விச்சும் லாட்டரி சீட்டும் வித்து ஆரம்பிச்ச கடை, 1941ல ரெஸ்டாரன்ட் ஆயிருந்துச்சு. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் மருமக கடைக்குள்ள வந்தாங்க, வாசல்ல நின்னு வர்றவங்கள வரவேற்கலாம்னுதான் வந்தது, ஆனா கிச்சன் அவங்களப் பிடிச்சு வெச்சுக்கிச்சு. ஃப்ரெஞ்ச் குவார்ட்டர்ல பாத்ததையெல்லாம் இங்க கொண்டு வரணும்னு க்ரீம் ஊத்தின லாப்ஸ்டர் எல்லாம் மெனுவுல போட்டாங்க, வந்தவங்க இது என்னத்துக்குன்னு கேட்டாங்க. விட்டுட்டு கம்போங்கிற கெட்டியான குழம்பு, ஃப்ரைடு சிக்கன், ரெட் பீன்ஸ்னு சொந்த ஜனங்க சாப்பாட்டுக்கே வந்துட்டாங்க, ஆனா அந்தச் சாப்பாட்ட வெள்ளை மேஜைத்துணி மேல நல்ல தட்டுல வெச்சாங்க. பின்னாடி சுவர் முழுக்க கறுப்பினக் கலைஞர்களோட படங்கள் வந்துச்சு, ஜேக்கப் லாரன்ஸ், எலிசபெத் காட்லெட்னு பெரிய பெரிய ஆளுங்க. தன் ஜனங்க கௌரவமா உக்காந்து சாப்பிட ஒரு இடம் வேணும்னு ஒருத்தங்க ரொம்ப யோசிச்சு, கணக்குப் போட்டு, பல வருஷம் உழைச்சு கட்டினது அது.

இப்ப மாடி ரூமுக்கு வரேன், இதுக்காகத்தான் இந்தப் பதிவே. அந்த ஊர்ல அப்ப வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் ரெஸ்டாரன்ட்ல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா சட்டப்படி குத்தம். டூக்கி சேஸ் மாடியில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க, சாப்பிட்டுக்கிட்டே கறுப்பினத்தவங்களோட சம உரிமைக்கான அடுத்த போராட்டத்த பிளான் பண்ணாங்க. மார்ட்டின் லூதர் கிங் வந்திருக்காரு, வக்கீல்கள் துர்குட் மார்ஷல், ஏ.பி.துரோ வந்திருக்காங்க, 1961ல ஃப்ரீடம் ரைடர்ஸ் பசங்க வந்திருக்காங்க. பஸ்ல இருந்த இனப் பாகுபாட்ட எதிர்த்து, அடி வாங்கப் போறோம்னு தெரிஞ்சே பஸ் ஏறிக் கிளம்பின இருபது வயசுப் பசங்க அவங்க, அந்தப் பசங்களுக்கு மாடிக்கு கம்போ போச்சு. போலீஸ் நினைச்சிருந்தா எப்ப வேணா கடையப் பூட்டியிருக்கலாம், நாலு பிள்ளைங்க இருக்கிற குடும்பத்தோட மொத்த சோறும் அந்தக் கடைதான். 1965ல கடை மேல வெடிகுண்டு வீசினாங்க. கடைய மூடல.

இத "போராளிகளுக்கு சாப்பாடு போட்டாங்க"ன்னு ஒரு வரியில சொல்லி முடிச்சிடறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம். சாப்பாடு போட்டதேதான் அங்க சட்ட மீறல். மேல உக்காந்து பேசினவங்க எந்தப் போராட்டத்துல இருந்தாங்களோ அதே போராட்டத்துலதான் கீழ அடுப்புகிட்ட நின்னவங்களும் இருந்தாங்க.

அடுத்தவங்க அந்தஸ்து பாத்துப் பேசுற ஆளும் கிடையாது. 2008ல ஒபாமா பிரச்சாரத்துக்கு வந்தவரு கம்போவ ருசி பாக்காமலே ஹாட் சாஸ் ஊத்திட்டாரு, அப்படியே திட்டு விழுந்துச்சு. நல்ல கம்போல சாஸ் ஊத்துவாங்களான்னு. எனக்கு அவங்க மேல இருக்கிற பிரியம் இதனாலயும் கூடும்.

துக்கமும் குறைவில்ல. 1990ல மூத்த மகள் எமிலி பிரசவத்துல இறந்துட்டாங்க. 2005ல கத்ரீனா புயல்ல கடைக்குள்ள தண்ணி புகுந்து எல்லாம் போச்சு, அப்ப அவங்களுக்கு 82 வயசு. ஓவியங்கள மட்டும் பேரன் காப்பாத்தி வெச்சாரு. அந்த வயசுல யாரா இருந்தாலும் போதும்னு உக்காந்திருப்பாங்க, இவங்களும் புருஷனும் கடைக்கு எதிர்லயே அரசாங்கம் குடுத்த டிரெய்லர்ல தங்கி கடை திரும்ப எழும்புறத பாத்துக்கிட்டே இருந்தாங்க. 2006ல ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சமயத்துல ஊர்ல இருக்கிற மத்த ரெஸ்டாரன்ட்காரங்க சேந்து இவங்க சாப்பாட்டயே சமைச்சு விருந்து வெச்சு 40,000 டாலர் திரட்டிக் குடுத்தாங்க. 2007ல கடை திறந்துச்சு.

பெரிய வியாழன்னு ஏன் சொன்னேன்னா அன்னைக்குத்தான் அங்க பச்சைக் கம்போ, கம்போ ஸெர்ப்னு பேரு. கம்போங்கிற வார்த்தையே ஆப்பிரிக்காவுல வெண்டைக்காய்க்கு சொல்ற பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க, ஆனா இந்தக் கம்போல வெண்டைக்காய் கிடையாது, முழுக்க கீரை. கடுகுக்கீரை, கொலார்ட், டர்னிப் இலை, பீட்ரூட் இலை, கேரட் தழை, முட்டைக்கோஸ், பசலைன்னு ஒம்பது தினுசு. எண்ணிக்கை ஒத்தைப்படையாதான் இருக்கணும், எத்தனை கீரை போடறமோ அத்தனை புது சிநேகிதம் அந்த வருஷம் கிடைக்கும்னு நம்பிக்கை. எல்லாத்தையும் வேகவெச்சு அரைச்சு, காரமான பன்றி சாசேஜ் வதக்கின கொழுப்புல மாவு போட்டு, கூடவே இறைச்சி தினுசு தினுசா, கடைசியில சசாஃப்ராஸ்ங்கிற மரத்தோட இலைப் பொடி. மறுநாள் பெரிய வெள்ளி, கறி கிடையாது, அதுக்கு முன்னாடி வயிறு நிறைய ஒரு சாப்பாடு.

அவங்க போட்டிருந்த சிவப்பு செஃப் கோட்டு இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. கடைய இப்ப பேரப்பிள்ளைங்க பாத்துக்கறாங்க. பெரிய வியாழன் வந்தா இன்னும் ஒம்பது கீரையும் ஆய்ஞ்சு, கழுவி, பெரிய பெரிய பானையில ஏத்தறாங்க.