எதுக்கெடுத்தாலும் 777

அந்த "ஒரே வரியில் தீர்வு" ஸ்க்ரீன்ஷாட் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை கன்டெய்னர்ல (தனிப்பெட்டி மாதிரி ஓடுற புரோகிராம்) போட்டேன், எழும்ப மாட்டேங்குது, 'பெர்மிஷன் டினைட்'னு வருதுன்னு ஒரு பையன் கேட்டான். வால்யூம் (டேட்டா இருக்கிற இடம்) முழுக்க சிஹெச்மோட் 777, அதாவது யார் வேணா படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்ங்கிற அனுமதி, போடுன்னு ஒரு அண்ணன் அருளினார். கீழே வரிசையா "நன்றி ப்ரோ".

சரி, போட்டா ஓடுமான்னாவது ஒருத்தர் பார்த்தீங்களா? ஓடாது. போஸ்ட்கிரெஸ் தொடங்கும்போது டேட்டா டைரக்டரி யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பார்க்கும். தன் பேர்ல இல்லைன்னா அங்கேயே நின்னுடும். தன் பேர்லயே இருந்தாலும் அனுமதி எண் 0700 (உரிமையாளருக்கு மட்டும்) அல்லது 0750 (குரூப்பும் படிக்கலாம்) ரெண்டுல ஒண்ணுதான் வேணும், அதுவும் 0750 வெர்ஷன் 11-ல இருந்துதான். 777-ஐப் பார்த்தா மறுபடியும் மறுப்பு. பட்டா வேற பேர்ல இருக்கும்போது கேட்டைத் திறந்து வெச்சா வீடு உங்களுதாகிடுமா?

கெர்னலுக்கு (லினக்ஸோட மையம்) யூசரோட பேர் தெரியாது, எண்தான். டெபியன் லினக்ஸ் இமேஜ்ல (இமேஜ்னா கன்டெய்னர் உருவாகுற அச்சு) போஸ்ட்கிரெஸ் யூசர் 999, ஆல்பைன் லினக்ஸ் இமேஜ்ல 70. ரூட்டா (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) தொடங்கினா இமேஜோட ஸ்கிரிப்டே உரிமையை மாத்திக்கும். யூசரைக் குறிப்பிட்டு ஓட்டினா அந்த உதவி கிடையாது. அந்தப் பையன் மாட்டினது இங்கேதான், அவன் ஒட்டின காம்போஸ் ஃபைல்லயே (கன்டெய்னரை எப்படி ஓட்டணும்னு எழுதுற ஃபைல்) யூசர் வரி இருந்துச்சே!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கன்டெய்னரை நிறுத்துங்க. அதே வால்யூமை ஒரு தற்காலிக கன்டெய்னர்ல ரூட்டா மவுன்ட் பண்ணி (மாட்டி), எல்எஸ் மைனஸ் எல்என் போட்டு உரிமையாளர் எண்ணைப் பாருங்க. ஓடப்போற யூசரோட எண்ணுக்கு சிஹெச்ஓன் மைனஸ் ஆர் (உள்ளே இருக்கிற எல்லாத்தோட உரிமையையும் மாத்தும்), டைரக்டரிக்கு சிஹெச்மோட் 700. முடிஞ்சுது. (டெபியன்ல இருந்து ஆல்பைனுக்குத் தாவியிருந்தா ரீஇண்டெக்ஸும் பண்ணுங்க, அதாவது தேடல் இண்டெக்ஸை மறுபடி கட்டுங்க. எழுத்துகளை வரிசைப்படுத்துற விதம் மாறும், டெக்ஸ்ட் இண்டெக்ஸ் சத்தமில்லாம கெட்டுப்போகும்.)

"டெவ் மெஷின்தானே?" டெவ்ல எழுதின ஸ்கிரிப்ட்தான் சார் புரொடக்‌ஷனுக்குப் போகுது.

"குபர்நெட்டிஸ்ல எஃப்எஸ்குரூப் இருக்கே?" இருக்கு, நல்ல விஷயம்தான். (குபர்நெட்டிஸ்னா நிறைய கன்டெய்னரை நிர்வகிக்கிற மென்பொருள், எஃப்எஸ்குரூப்னா அதுல வால்யூமோட குரூப்பை மாத்துற அமைப்பு.) ஆனா அது ஒவ்வொரு மவுன்ட்லயும் ஃபைல் ஃபைலா குரூப்பை மாத்திட்டுப் போகும். லட்சக்கணக்குல ஃபைல் இருந்தா பாட் (கன்டெய்னர் ஓடுற கூடு) 'கன்டெய்னர் கிரியேட்டிங்'லயே உட்கார்ந்திருக்கும், நீங்க நெட்வொர்க்கைத் திட்டிட்டு இருப்பீங்க. எஃப்எஸ்குரூப் சேஞ்ச் பாலிசியில 'ஆன்ரூட்மிஸ்மேட்ச்' கொடுங்க, மேல் டைரக்டரி பொருந்தலைன்னா மட்டும் மாத்தும், குபர்நெட்டிஸ் 1.23-லயே ஸ்டேபிள் ஆயிடுச்சு. ஹோஸ்ட்பாத்துக்கு (ஹோஸ்ட் மெஷினோட ஃபோல்டரையே நேரா மாட்டுறது) எஃப்எஸ்குரூப் வேலையே செய்யாது.

"எல்லாத்தையும் ரூட்டா ஓட்டிட்டா?" இதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்ல.

இதையெல்லாம் அந்தப் பதிவுக்குக் கீழேயே பொறுமையாத்தான் எழுதினேன். "அங்கிள் லெக்சர் ஆரம்பிச்சுட்டார்"னு ஒரு சிரிப்பு எமோஜி. 777-க்கு இதயம், எனக்குச் சிரிப்பு. இருக்கட்டும். தெரியாம கேட்டவன் மேல எனக்குக் கோபமே இல்ல, கேக்கறதுதான் முறை. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் ஃபைல் வரைக்கும் ஊருக்கே திறந்து வைக்கச் சொல்லிட்டு, 'ஒர்க் ஆச்சா ப்ரோ'ன்னுகூடத் திரும்பிக் கேக்காம போனவர் மேலதான்.

அடுத்தது அந்த அண்ணன் என்எஃப்எஸ்ஸுக்கு (நெட்வொர்க் வழியா பகிர்ற ஃபைல் சேமிப்பு) வருவார்னு நினைக்கிறேன். அங்க ரூட் ஸ்குவாஷ் (வர்ற ரூட்டை அதிகாரமில்லாத யூசரா மாத்துற சர்வர் அமைப்பு) இருந்தா கன்டெய்னர் உள்ள ரூட்டா நின்னு சிஹெச்மோட் போட்டாலும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'தான். சர்வர் பக்கம் போய்தான் உரிமையை மாத்தணும். 777 ஸ்டிக்கரை எங்க ஒட்டுவார்னு பார்க்க ஆசையா இருக்கு.