கியூபா தனக்கு வேண்டிய உணவு முழுவதையும் தானே விளைத்துக்கொண்டதா?

சோவியத் ஒன்றியம் 1991-இல் உடைந்து அங்கிருந்து வந்த பெட்ரோலிய எண்ணெய் சுருங்கியதும் கியூபா இயற்கை விவசாயத்துக்கு மாறி, உணவில் முழுத் தன்னிறைவு அடைந்துவிட்டது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

மக்கள் உழைத்தது நிஜம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஹவானாவில் காலி மனைகளில் கல்லோ சிமெண்ட் பலகையோ வைத்து வரப்பு கட்டி, மக்கின உரத்தை நிரப்பி கீரை, லெட்டூஸ், தக்காளி போட்டார்கள், பூச்சிக்கு நம்ம வேம்பையே பயன்படுத்தினார்கள், டிராக்டருக்கு டீசல் இல்லாத வயலில் மாடு பூட்டி உழுதார்கள். போக்குவரத்துக்கும் எரிபொருள் போதாததால் சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள் வந்தது. லாரி இழுத்துப்போன நீளமான பஸ்ஸுக்கு முதுகில் இரண்டு திமில் இருந்ததால் ஒட்டகம் என்றே பேர்.

ஆனால் அந்தப் பாத்திகள் தந்தது பெரும்பாலும் காய்கறிதான். சோறு, ரொட்டி, எண்ணெய், கறி இதெல்லாம் அதில் விளையாது. கோதுமை முழுக்க இறக்குமதி, அரிசியிலும் பெரும்பகுதி வெளியிலிருந்துதான். அப்புறம், அந்தச் செய்தி சொல்லாமல் விடுவது பசியை: மக்கள் மெலிந்தார்கள், 1992-93-இல் சத்துக்குறைவோடு தொடர்புள்ள நரம்பு நோயால் 50,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குப் பார்வை மங்கியது.

அமெரிக்கா 2000-இல் கியூபா மீதான வணிகத் தடையைத் தளர்த்தி உணவு விற்க அனுமதித்த பிறகு, கியூபா அங்கிருந்தே கோழிக்கறி வாங்குகிறது.