நம் டெபாசிட் எந்தச் சுரங்கத்துக்குப் போகிறது?

2020 நவம்பர் 27, சிட்னியில் இந்தியா – ஆஸ்திரேலியா ஒருநாள் போட்டி. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் அட்டை. ஸ்டேட் பாங்க் அதானிக்கு 100 கோடி டாலர் கடன் தரக்கூடாது என்று எழுதியிருந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கு நம் பாங்க்மேல் என்ன கோபம் என்று தேடிப் படித்தேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதானி நிறுவனம் தோண்டும் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம்தான் விஷயம். அது தங்கள் மூதாதையர் நிலம், அங்கிருக்கும் டூங்மபுல்லா ஊற்றுகள் புனிதமானவை என்று வாங்கன், ஜகலிங்கு பூர்வகுடிகளில் பலர் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2014-லேயே 100 கோடி டாலர் வரை கடன் தர ஸ்டேட் பாங்க் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அது கடனாக மாறவில்லை. 2020-இல் 5,000 கோடி ரூபாய் என்று மறுபடி பேச்சு கிளம்பியது. அட்டை வந்தது அப்போதுதான்.

இதற்கு நடுவில் ஆஸ்திரேலியாவின் நான்கு பெரிய வங்கிகளும் ஒதுங்கிவிட்டன. ஆண்டுக்கு 6 கோடி டன் என்றிருந்த திட்டம், 2018-இல் சொந்தப் பணத்தில் தொடங்குவதாக அதானி நிறுவனம் அறிவித்தபோது, ஆரம்பத்தில் 1 முதல் 1.5 கோடி டன் என்று சுருங்கியது. 2021 கடைசியில் நிலக்கரி கப்பலேறியது. சரி, சுரங்கம் நிற்கவில்லை. ஆனால் அதை இந்த அளவுக்குச் சுருக்கியதில் பாங்குகள் கைவிரித்ததற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

போன மாதம் அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைக்கப் போயிருந்தோம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்தார், அமிலத்துளி விட்டுப் பார்த்தார், கல் எடையைக் கழித்தார், நகை யாருடையது என்று இரண்டு தரம் கேட்டார். கேட்கட்டும், அது ஊரார் பணம். அதே பணம் ஒரு நிலத்தைக் குடையப் போகும்போது, நிலம் யாருடையது, ஊற்று என்னவாகும் என்றும் அதே கறாரோடு கேட்க வேண்டும். வட்டியோடு திரும்பி வருமா என்று பார்த்தால் மட்டும் போதாது.

பாங்கின் அறிக்கைகளைப் புரட்டினால் சுரங்கத்துறைக்கு மொத்தமாக ஒரு தொகை இருக்கும். எந்தச் சுரங்கம், எந்த ஊர் என்று இருக்காது. வாடிக்கையாளர் ரகசியம் என்பார்கள். டெபாசிட் போட்டவர்களும் வாடிக்கையாளர்கள்தானே? அம்மாவின் பென்ஷன் மாதாமாதம் விழுவதும் பொதுத்துறை வங்கியில்தான். பெரிய சுரங்கக் கடன் என்றால் யாருக்கு, எந்த இடத்துக்கு, எவ்வளவு என்பதைக் கையெழுத்து விழுவதற்கு முன்பே அவருக்குச் சொல்ல வேண்டும்.