எறங்கறதுக்கு முன்னாடி ஏறுற எடத்தப் பாருங்க

எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டாருங்க. அக்கா, நீங்க ஞாயித்துக்கெழமை ஆனா சைக்கிள் எடுத்துட்டு நீஞ்சப் போறீங்களாமே, ஈரோட்டச் சுத்தி எங்கெங்க எடம் இருக்குது, லொகேசன் அனுப்பி உடுங்கன்னு. நான் இன்னும் அனுப்பல. மேப்புல ஒரு புள்ளி வெச்சு அனுப்பறது ஒரு நிமிச வேலை, ஆனா அந்தப் புள்ளி மே மாசமும் அப்படியே இருக்கும் அக்டோபர்லயும் அப்படியே இருக்கும், தண்ணி அப்படி இருக்காதுங்களே. அதான் கொஞ்சம் பெருசாவே எழுதறேன், பொறுமையா படிங்க, புள்ளைங்கள வெச்சிருக்கறவங்க கட்டாயம் படிங்க.

நான் நீச்சல் கத்துக்கிட்டது எங்க அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, தோட்டத்துக் கெணத்துல. கவுந்தப்பாடிப் பக்கம், கீழ்பவானி பாசனம். அப்போ எனக்கு ஏழு வயசு. முதுகுல மெதக்கறதுக்கு சொரபுருடைய (காஞ்ச சுரைக்குடுக்கை) கட்டி, இடுப்புல கயிறு கட்டி, கயித்து முனைய அப்புச்சி கையில சுத்திக்குவாரு. ஆனா மொத நாள் என்னைத் தண்ணியிலயே உடலீங்க. கண்ண மூடிக்கிட்டு படியில எறங்கி தண்ணியத் தொட்டுட்டு திரும்பி ஏறி வரச் சொன்னாரு. மூணு தடவ. கையால செவுத்தத் தடவிக்கிட்டே, எந்தப் படி ஒடஞ்சிருக்குது, எந்தப் படி வழுக்குதுன்னு காலே சொல்ற வரைக்கும். நாலாம் நாள் தான் தண்ணி. எதுக்கு அப்புச்சி இதுன்னு கேட்டதுக்கு, மூச்சு முட்டறப்ப கண்ணு தெரியாது சாமி, அப்ப காலுக்கு வழி தெரியோணும்னு சொன்னாரு. அப்புச்சி போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. இன்னைக்கும் எந்தத் தண்ணிக்குப் போனாலும் நான் மொதல்ல பாக்கறது ஆழத்த இல்ல, சுத்தத்தக்கூட இல்ல, கரை ஏறுற வழிய.

அப்போ கெணறே போதுமேன்னு கேப்பீங்க. இப்ப நெலமை வேறங்க. போர் போட்டு போர் போட்டு 1000 அடி தாண்டிப் போனதுல நெறைய கெணறு வறண்டு, குப்பையும் சீமைக்கருவேலமும் தான் கெடக்குது. தண்ணி இருக்கற கெணறுன்னா அது பெரும்பாலும் வாய்க்கால் பாசனத்துல இருக்கறது தான். பவானிசாகர் அணைல இருந்து வழக்கமா ஆகஸ்ட் 15 வாக்குல கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணி தொறப்பாங்க, 120 நாள் நெல்லுக்கு ஓடும், அப்பறம் பொங்கலுக்கு மேல அடுத்த மண்டலத்துக்கு கடலை எள்ளுக்கு உடுவாங்க. தண்ணி ஓட ஓட வாய்க்கால்ல கசியறது கீழ்ப்பக்கத்துக் கெணத்துக்கெல்லாம் மெதுவா ஊறி வரும். தண்ணி தொறந்த அன்னைக்கே கெணறு நெறையாதுங்க, ஒன்னு ஒன்னரை மாசம் ஆகும். அதனால அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தான் கெணத்து சீசன். எறங்கறதுக்கு முன்னாடி மோட்டார் ஆஃப் பண்ணச் சொல்லிக் கேளுங்க, பீஸ் கட்டையையே புடுங்கச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. பழைய ஒயர் தண்ணியில தொங்கிட்டிருக்கற கெணத்துல நீச்சல் தெரிஞ்சவனும் பொழைக்க மாட்டான்.

இன்னொன்னு இருக்குது, அத எழுதாம போனா இந்தப் பதிவே பொய்யாயிரும். சைக்கிள நிறுத்திட்டு ஏனுங்க கெணத்துல கொஞ்ச நேரம் நீஞ்சிக்கட்டுங்களான்னு கேட்டா, நீச்சல் தெரியுமான்னு மொத கேள்வி வராதுங்க. எந்தூரு, யாரூட்டுப் புள்ளைன்னு தான் வரும். அது எதுக்குன்னு இந்த ஊர்ல பொறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு ரெண்டு வருசம் தொறந்தே இருந்த ஒரு கெணத்துக்கு என்கூடப் படிச்ச பிரண்ட கூட்டிட்டுப் போனேன், அவகிட்டயும் அதே கேள்வி, அவ பதில் சொன்னதும் மோட்டார் ரிப்பேருங்க இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லிட்டாங்க. அவ ஒன்னும் பேசாம சைக்கிளத் திருப்பிட்டா. அந்தக் கெணத்துக்கு அதுக்கப்பறம் நான் போகல. தண்ணி ஊர் வாய்க்கால்ல இருந்து கசிஞ்சு வந்தது, அதுல எறங்க ஆள் பாக்கறாங்கன்னா அது என்ன நாயம்? அன்னைல இருந்து தான் பொதுத் தண்ணியா, பொதுப் படியா தேட ஆரம்பிச்சேன்.

பொதுத் தண்ணின்னா எல்லாரும் மொதல்ல சொல்றது கீழ்பவானி மெயின் வாய்க்கால். ஈரோட்டுல இருந்து பெருந்துறை ரோட்டுல வாய்க்கால்மேடு போனா கண்ணு நெறைய தண்ணி. காலைல 5 மணிக்குக் கெளம்பினா வெயிலுக்கு முன்னாடி போய்ட்டு வந்தர்லாம். ஆடி மாசம்னா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மூஞ்சில அடிக்கும், போறப்ப மிதிக்க முடியாது, வர்றப்ப அதே காத்து முதுகுல தள்ளிக் கொண்டாந்து வீட்டுல உட்டுரும். கரை ரோட்டுல கருவேல முள்ளு ஜாஸ்தி, பஞ்சர் கிட்டு இல்லாம போகாதீங்க. எடம் அவ்வளவு அழகு. ஆனா அங்க நீஞ்சாதீங்கன்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னு சொல்றேன்.

அணையில தலைமதகுல செகண்டுக்கு 2,300 கன அடி வரைக்கும் எடுக்கற வாய்க்கால் அது, கீழ வர வர கொறைஞ்சாலும் இழுவை இழுவை தான். மண் கரையா இருக்கற எடத்துல வேரையோ புல்லையோ புடிச்சு ஏறலாம். கான்கிரீட் போட்ட எடத்துல சரிவான சிலாப், தண்ணி மட்டத்துல பச்சையா பாசி, கை வெச்சா வழுக்கும் கால் வெச்சா வழுக்கும். பொள்ளாச்சி உடுமலைப் பக்கம் பி.ஏ.பி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால்லயும் கான்கிரீட் சரிவு தான், பாத்தவங்களுக்குத் தெரியும். எனக்கு 29 வயசுல ஒருக்கா அப்படி ஆச்சு. படியில எறங்கினேன், நல்லாத்தான் நீஞ்சினேன், திரும்பிப் பாத்தா படி எங்கியோ பின்னால போயிருச்சு, எதுத்து நீஞ்ச முடியல, ஓரத்துக்கு வந்துட்டேன் ஆனா ஏற முடியல, கையெட்டற தூரத்துல கரை, மேல ஆள் நடமாட்டமெல்லாம் தெரியுது, நகம் பேந்து ரத்தம் வந்துருச்சு, கத்தறதுக்கு மூச்சில்ல. கீழ இன்னொரு படியில துணி தொவைச்சிட்டிருந்த ஒரு அம்மா நனைஞ்ச சேலைய ஒரு முனையப் புடிச்சு வீசுனாங்க. அவங்களுக்கு நீச்சல் தெரியாது. தண்ணியில எறங்கல. சேலைய வீசிட்டு கல்லுல கால ஒதைச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. அதப் புடிச்சுத்தான் நான் வந்தேன்.

2020ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்துல மூணு பெண்கள் கட்டியிருந்த சேலைய அவுத்து வீசி ரெண்டு பசங்களக் காப்பாத்துனது நியூஸ்ல வந்துச்சு, ஞாபகம் இருக்குங்களா? அத வாசிச்சப்ப நான் ரொம்ப நேரம் அழுதேன். அன்னைல இருந்து என் சைக்கிள் கேரியர்ல ஒரு பழைய நூல் சேலை எப்பவும் இருக்கும். நீங்களும் வெச்சுக்குங்க. ஒருத்தர் முழுகறப்ப பின்னாடியே குதிக்காதீங்க, குதிச்சவங்களும் சேந்து போறது தான் வாராவாரம் பேப்பர்ல பாக்கறோம். துணியோ கயிறோ டியூபோ காலி கேனோ, எதையாச்சும் வீசுங்க.

கீழ்பவானில கான்கிரீட் போடலாமா கூடாதான்னு விவசாயிங்களே ரெண்டு பக்கமா நின்னு சண்டை போட்டாங்க. கடைமடைக்குத் தண்ணி சேரோணும்கறதும் நாயம், கசிவு நின்னா கெணறு செத்துரும்கறதும் நாயம். நான் அதுல தீர்ப்பு சொல்ற ஆள் இல்லீங்க. ஆனா மனுசனோ எருமையோ நாயோ தவறி உழுந்தா ஏறி வர்ற வழி எங்கன்னு அந்தப் பேச்சுல நான் கேட்ட வரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

காவேரி வீட்டுக்குப் பக்கம். கருங்கல்பாளையம் போனா பத்து நிமிசம். ஆனா ஊர்ச் சாக்கடை எறங்கற எடம், வெண்டிபாளையம் கதவணையால தண்ணி தேங்கி நிக்கும், ஆகாயத்தாமரை மூடிக்கும், ஷட்டர் தொறந்தா மட்டம் சட்டுனு மாறிரும். அதவிட மோசம் மணல் அள்ளுன குழி. முட்டி ஆழத்துல நடந்துட்டே இருப்பீங்க, அடுத்த அடி தலைக்கு மேல. பவானி கூடுதுறையில ஆடிப்பெருக்குக்கு முழுக்குப் போடறதோட நிறுத்திக்கிறேன். கோயமுத்தூர்ப் பசங்க மேட்டுப்பாளையம் வரைக்கும் மிதிச்சுட்டுப் போய் பவானி ஆத்துல எறங்கறாங்க, கெஞ்சிக் கேக்கறேன், பில்லூர் அணைல கரண்ட்டு எடுக்கறதுக்குத் தண்ணி உட்டா மழையே இல்லாம ஆறு ஏறும், நடுப்பாறைல ஒக்காந்திருக்கறவங்களுக்கு கரை போயிரும். அமராவதி அணைல முதலையே இருக்குது, அங்க கேள்வியே இல்ல.

நொய்யலப் பத்தி என்னத்தச் சொல்ல. சென்னிமலைக்கு மிதிக்கறப்ப ஒரத்துப்பாளையம் அணைய எட்டிப் பாத்தேன். பாசனத்துக்குன்னு 1992ல கட்டுனது, திருப்பூர் சாயத்தண்ணிய தேக்கி வெக்கற தொட்டியாப் போச்சு. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச் சொல்ற அளவுக்குப் போச்சுன்னா பாத்துக்குங்க. எங்க அம்மா சின்ன வயசுல நொய்யல்ல மண்ண ஒதுக்கி ஊத்துத் தண்ணி கோரிக் குடிச்சவங்க. நான் அதுல கால் நனைச்சதில்ல.

சரி, அப்ப நான் எங்க தான் நீஞ்சறேன்? காலிங்கராயன்பாளையம். ஈரோட்டுல இருந்து பவானி ரோட்டுல போனா 15 கிலோமீட்டருக்குள்ள தான். காலிங்கராயன் வாய்க்கால் அணைக்கட்டுல இருந்து கெளம்பற எடம். 1283ல வெட்டி முடிச்ச வாய்க்கால், கொடுமுடிக்கும் அக்கட்டால வரைக்கும் 90 கிலோமீட்டர் கிட்ட வளைஞ்சு வளைஞ்சு போகுது, பாம்பு போன தடத்துல வெட்டுனதுன்னு கதை சொல்லுவாங்க. அந்த வளைவாலயே தண்ணி வேகம் எடுக்காம நடந்து போற மாதிரி போகும். ஊருக்குள்ள வந்தா சாயமும் தோல் கழிவும் சாக்கடையும் கலந்து கலந்து வாய்க்கால் பட்ட பாடு தெரியும், கழிவத் தனியாப் பிரிச்சு உட பேபி வாய்க்கால்னு பக்கத்துலயே ஒன்னு கட்ட வேண்டியதாப் போச்சு. அதனால ஊருக்கு மேல, அணைக்கட்டுப் பக்கம் தான் எறங்கோணும். அங்க படித்துறை இருக்குது. தொவைக்கற கல்லு இருக்குது. நான் எறங்கற எடத்துல சாதாரண நாள்ல தண்ணி நெஞ்சு மட்டம். எல்லாத்துக்கும் மேல, காலைல ஆறு மணிக்கே தொவைக்க வர்ற அக்காங்க இருக்காங்க.

அந்த அக்காங்ககிட்டக் கேக்காம நான் ஒருநாளும் எறங்கினதில்ல. நேத்து எந்தப் படி வரைக்கும் தண்ணி இருந்துச்சுங்க, இன்னைக்கு கலங்கலா இருக்குதே மேல மழையான்னு கேப்பேன். அவங்க பாத்தவுடனே சொல்லிருவாங்க. எறங்கறப்ப தண்ணி தொடற படியில ஒரு சின்னக் கல்ல வெச்சுருவேன், கல்லு முழுகுச்சுன்னா உடனே மேல வந்துருவேன். மதகுப் பக்கம், ஷட்டர் பக்கம், பாலத்துக்கு அடியில போறதே இல்ல, அங்கெல்லாம் மேல அமைதியா தெரியும், அடியில இழுக்கும். பெரு மழைக்கப்பறம் நாலு நாள் தண்ணிக்கே போறதில்ல. எலிக்காய்ச்சல் வந்து படுத்தவங்கள எங்க சொந்தத்துலயே பாத்திருக்கேன், கால்ல காயம் இருந்தா கரையிலயே ஒக்காந்துட்டு வந்துருங்க.

கொடிவேரி அணை கேக்கறவங்களுக்கு, ஒருநாள் ரைடா போலாம், ஈரோட்டுல இருந்து கோபி வழியா 50 கிலோமீட்டர். ஆனா அது குளிக்கற எடம், நீஞ்சற எடம் இல்ல. தடுப்புக்கு உள்ள நின்னு தலைய நனைச்சுட்டு மீன் வறுவல் சாப்டுட்டு வாங்க.

பொம்பளைங்களுக்கு இன்னும் ஒரு கஷ்டம். சுடிதார் நனைஞ்சா கனம், கால்ல சுத்திக்கும், ஆனா அதப் போடாம எறங்க முடியாது. பாத்துட்டு நிக்கறவங்க நிப்பாங்க. அதனால நான் டைட்டான லெக்கின்ஸும் முழுக்கை டீசர்ட்டும் போட்டு, தொவைக்கற அக்காங்க இருக்கற நேரமாப் பாத்துப் போறேன். அவங்க இருந்தா எவனும் நிக்க மாட்டான். எங்க பொண்ணுக்கு 12 வயசு, டவுன்ல இருக்கற ஒரு நீச்சல் குளத்துல சேத்தலாம்னு கேட்டேன், பொண்ணுங்களுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் தான்னாங்க. ஸ்கூல் போற புள்ள மத்தியானம் எப்படிங்க போகும்?

ஒவ்வொரு கோடை லீவுலயும் வாய்க்கால்லயும் குட்டையிலயும் புள்ளைங்க முழுகிப் போயிருதுங்க. உடனே ஆழமான பகுதி குளிக்காதீர்னு ஒரு போர்டு வரும். போர்டு வெக்கட்டும், வேண்டாங்கல. ஆனா மே மாச வெயில்ல தண்ணியப் பாத்த புள்ள போர்டப் படிக்குமா? படிக்கட்டு கட்டுங்க, சிலாப்ல இரும்புக் கம்பிய வளைச்சுப் பதிங்க, படிக்குக் கீழ குறுக்க ஒரு சங்கிலி கட்டுங்க, அதுல தொங்கற மாதிரி ரெண்டு லாரி டியூப். ஊருக்கு ஒரு படித்துறை, யாரூட்டுப் புள்ளைன்னு கேக்காத படித்துறை. ஜூலை 25 தண்ணியில முழுகிச் சாவறதத் தடுக்கற நாள்னு ஐநாவே 2021ல அறிவிச்சிருக்குது. அன்னைக்கு ஒவ்வொரு ஸ்கூல்லயும் சேலை வீசறது எப்படின்னாச்சும் சொல்லிக் குடுங்க. கிராம சபையில நான் இத ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன், மூணாவது தடவையும் குடுப்பேன்.

போன ஞாயிறு பொண்ண முதல் தடவையா கூட்டிட்டுப் போனேன். கண்ண மூடச் சொன்னேன். மூணு தடவ ஏறி எறங்குனா. மூணாவது தடவ ஏறி வந்து, அம்மா அஞ்சாவது படியில ஒரு மூலை பேந்திருக்குதுன்னு சொன்னா. பத்து மாசமா அந்தப் படியில எறங்கறேன், எனக்கு அது தெரியாது. தொவைச்சிட்டிருந்த அக்கா ஆமாங்கண்ணு, மழையில பேந்துச்சுன்னாங்க.

தம்பி, லொகேசன் அனுப்பல. வர்ற ஞாயிறு வெடியால 5 மணிக்கு ஆர்.என்.புதூர் பஸ் ஸ்டாப்ல நிக்கறோம். சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு வாங்க, வீட்டுல பழைய டியூப் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க. அந்தப் பிரண்டும் வர்றா.