ஓட்டக்காரர்களுக்கு உயர நோய் வராதா?

“தினமும் 10 கி.மீ. ஓடுபவர்களுக்கு உயர நோய் வராது, கிளிமஞ்சாரோவை 5 நாளிலேயே முடித்துவிடலாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. உயரமான இடங்களில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உடல்நலக் கோளாறுதான் உயர நோய். நம்பிப் போனால் ஆபத்தும்கூட.

தான்சானியாவில் உள்ள அந்தச் சிகரத்தின் உயரம் 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்; அதனால் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. ஓட்டப் பயிற்சி காலுக்கும் இதயத்துக்கும் நல்லது, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழக நாட்கள் வேண்டும். பலசாலிகள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குச் சில நேரம் ஆபத்து கூடவே செய்கிறது.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. கிளிமஞ்சாரோவில் ஏறும் வழிகளில் ஒன்றான மராங்கு பாதையில், இரவு தங்கும் ஹொரொம்போ குடில் 3,720 மீட்டர், அடுத்த கிபோ குடில் 4,720. ஒரே நாளில் 1,000 மீட்டர்! 5 நாள் திட்டத்தில் இடையில் ஓய்வு நாளே கிடையாது. 7, 8 நாள் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.

அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் மருத்துவரைக் கேட்டபின்தான். தலைவலியோ வாந்தியோ வந்தால் வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். நடை தள்ளாடினால் இரவானாலும் உடனே இறங்க வேண்டும்.