ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

போன ஞாயிறு பெங்களூருவுக்கு வெளியே ஹொசகோட்டே பக்கம் நாங்கள் ரிமோட்டில் மாதிரி விமானம் விடுகிற மைதானத்தில் ஒரு தம்பியின் விமானம் ராகிக் காட்டில் போய் இறங்கியது. 35 சிசி பெட்ரோல் இன்ஜின். ஏழு நிமிடம் அருமையாகப் பறந்தது. அப்புறம் செங்குத்தாக ஏற்றும்போது சத்தம் மெலிந்து, இழுத்து, நின்றுவிட்டது. தம்பி பதறாமல் மூக்கைத் தாழ்த்தி இறக்கினான். சக்கரக் கம்பி மட்டும் வளைந்தது. அவன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் மூன்று பேர் கையில் ஸ்க்ரூடிரைவர். "லீன் ஆயிடுச்சு தம்பி, ஹை நீடிலைத் திற" என்றார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூதான் நீடில்; ஹை நீடில் அதிக வேகத்துக்கு, லோ நீடில் மெதுவான வேகத்துக்கு. கால் சுற்று திறந்தார்கள். டேங்க்கை நிரப்பி, தரையில் ஃபுல் த்ராட்டில், அதாவது முழு வேகம், கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது. கம்பியை நிமிர்த்தி மறுபடி ஏற்றினான். ஏழாவது நிமிடம் மறுபடி நின்றது.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இன்ஜின் இன்று லீனாக ஓடினால், முதலில் நீடிலில் கை வைக்கக் கூடாது. ஸ்ப்ரிங் பிடித்திருக்கும் நீடில் தானாகத் திரும்புவது அபூர்வம். அப்படியென்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்காமல் நீடிலைத் திறப்பது, ஓட்டைக் குடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. காற்றுக்குத் தேவையான பெட்ரோல் கிடைக்காவிட்டால் லீன். பெட்ரோல் அதிகமானால் ரிச். ரிச்சாக ஓடினால் புகை வரும், பிளக் கறுக்கும், விமானத்தின் வயிறு எண்ணெயாகும், அவ்வளவுதான். லீன் அப்படி இல்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துப் பிடிக்க அது போதும்.

சரி, லீன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? காதுதான் முதல் கருவி. ஐடிலிலிருந்து, அதாவது இன்ஜின் சும்மா மெதுவாக ஓடும் நிலையிலிருந்து, த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் இன்ஜின் தயங்கி, 'பக்' என்று அணைகிறதா? அது லோ நீடில் பக்கத்து லீன். களகளவென்று கொப்பளித்தபடி மெதுவாக ஏறினால் அது ரிச். த்ராட்டிலை மூடிய பிறகும் வேகம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே தொங்கி, அப்புறம் நிதானமாக இறங்கினால், அங்கேயும் லீனைச் சந்தேகப்படலாம். ஃபுல் த்ராட்டிலில் முதல் பத்து விநாடி கணீரென்று கத்திவிட்டு, பிறகு நாம் ஒன்றும் செய்யாமலே வேகம் சரிந்தால் ஹை நீடில் பக்கம் லீன். சூடு ஏறுகிறது என்று அர்த்தம், உடனே த்ராட்டிலைக் குறைத்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பின்பக்கமாக நின்று, கார்புரேட்டருக்குள் காற்று போகும் வாயை மறைக்கும் சோக்கை ஒரு நூல் அளவு மூடிப் பாருங்கள். வேகம் கூடினால் இன்ஜின் பெட்ரோலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். குறைந்தால் லீன் இல்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்து ஜோசியம் சொல்கிறவர்கள் நிறைய. வெள்ளை என்றால் லீன், காப்பிப் பழுப்பு என்றால் சரி, கரி என்றால் ரிச் என்பது உண்மைதான். ஆனால் பறந்து முடித்து, ஐடிலில் மைதானம் முழுக்க ஓட்டிவந்து, அதன்பின் கழற்றிய பிளக் கடைசி ஒரு நிமிட ஐடிலின் கதையை மட்டுமே சொல்லும். ஃபுல் த்ராட்டில் நிலவரம் தெரிய வேண்டுமானால் ஃபுல் த்ராட்டிலிலேயே இக்னிஷனை அணைத்துவிட்டுக் கழற்ற வேண்டும்.

இன்னொன்று, இன்ஜின் எப்படி நின்றது என்பதைக் கவனியுங்கள். சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் நான் இக்னிஷன் பேட்டரி, பிளக் தொப்பி, சென்சார் என்று அந்தப் பக்கம் தேடுவேன். இழுத்து, மெலிந்து, மூச்சு வாங்கி நின்றால்தான் பெட்ரோல் பக்கம் போவேன். மைதானத்தில் இந்த ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்பதில்லை.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் விமானக்காரர் இல்லை. சிவாஜிநகரில் ஆர்எக்ஸ் 100 வண்டிகளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் அண்ணன், ஆம்பூர்க்காரர். என் இன்ஜினை மேஜைமேல் வைத்ததும், "காத்து எங்கேர்ந்து உள்ள வருதுன்னு பாரு, அப்புறம் ஸ்க்ரூவைத் தொடு" என்றார். கார்புரேட்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் (இன்ஜினின் அடிப்பெட்டி) நடுவில் இருக்கும் கேஸ்கட்டை விரலால் தடவியே கிழிசலைக் காட்டினார். அந்தக் கிழிசல் வழியாகக் கார்புரேட்டருக்குத் தெரியாத காற்று நுழைந்துகொண்டிருந்தது. வால்ப்ரோ கம்பெனியுடையது மாதிரி, டயாபிராம் என்ற மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டரில் அந்தக் கேஸ்கட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாகத்தான் பெட்ரோல் பம்ப்புக்குப் போகிறது. கேஸ்கட்டைத் திருப்பி மாட்டி அந்தத் துளையை அடைத்துவிட்டால் பம்ப் சோர்ந்துவிடும். நீடிலை எவ்வளவு திறந்தாலும் இன்ஜின் பசியோடுதான் ஓடும். இப்படி ஒரு இன்ஜினை, ஹை நீடில் மூன்று சுற்று திறந்த நிலையில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றரைச் சுற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது அது. நீடில் அவ்வளவு வெளியே வந்தால்தான் வேலை செய்யும் என்ற நிலை வந்தாலே கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஆயில் சீல், கார்புரேட்டருக்குள் இருக்கும் குட்டி வலைச் சல்லடை, விறைத்துப்போன டயாபிராம், டேங்க்கின் காற்றுக் குழாய் அடைப்பு என்று வரிசையாகப் பாருங்கள்.

இன்ஜினை மூடும் கூடு, அதாவது கௌலிங், போட்ட ஸ்கேல் விமானம் (நிஜ விமானத்தின் சிறு நகல்) தரையில் நன்றாக ஓடி வானத்தில் மட்டும் லீன் ஆனால், கார்புரேட்டர் மூடியில் இருக்கும் சின்னத் துளையையும் பாருங்கள். டயாபிராமின் வெளிப்பக்கம் அந்தத் துளை வழியாகத்தான் வெளிக்காற்றின் அழுத்தத்தை உணர்கிறது. கௌலிங்குக்குள் அழுத்தம் குறைந்தால் டயாபிராம் பின்வாங்கும், பெட்ரோல் குறையும். அந்தத் துளையில் ஒரு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, டியூப் போட்டு உடல்பகுதிக்குள் விட்டால் தீர்ந்தது.

இப்போது நம் ஊர் விஷயம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 8, 9 சதவீதம் குறைவு. இங்கே ட்யூன் செய்த இன்ஜினைச் சென்னைக்குக் கொண்டுபோனால், அடர்ந்த காற்று உள்ளே வரும் அளவுக்குப் பெட்ரோல் கூடி வராது. நீடிலைத் தொடாமலே லீன் ஆகிவிடும். குளிர்ந்த காலை நேரத்தில் இன்னும் கொஞ்சம். இது தெரியாமல் நான்கு வருடங்களுக்கு முன் பொங்கலுக்குப் போனபோது என்னுடைய 50 சிசி இன்ஜினைச் சென்னையில் பறக்கவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் இங்கே உச்ச வேகத்துக்கு ட்யூன் செய்து, அந்தக் கணீர் சத்தத்தில் பெருமைப்பட்டிருந்தேன். அங்கே மூன்றாவது லூப்பில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சிலிண்டர் சுவரில் விழுந்த கோடுகளை இன்றும் வைத்திருக்கிறேன், அலமாரியில்.

அதனால்தான் உச்ச வேகத்தில் நீடிலை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தரையில் டாக்கோமீட்டர் (சுற்றுவேகம் அளக்கும் கருவி) காட்டும் உச்சம் வெறும் தரைக் கணக்கு. வானத்தில் ப்ராப்பின் (முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லர்) பாரம் குறைந்து வேகம் கூடும். இன்ஜின் மேலும் பெட்ரோல் கேட்கும். உச்சத்தைக் கண்டுபிடித்த பிறகு, வேகம் நிமிடத்துக்கு 200, 300 சுற்று குறையும்வரை நீடிலைத் திறந்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்த 200 சுற்றை விட்டுக்கொடுக்க மனசு வராதவர்கள் பிஸ்டனைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் இதே பெங்களூருவில்தான் தொடங்கிவைத்தார்கள். இன்று பங்க்கில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு இந்தக் கலவை கூடுதலாக வேண்டும். பழைய நீடில் செட்டிங்கை அப்படியே வைத்திருந்தால் கொஞ்சம் லீன் ஆகிவிடும். இங்கே நீடிலைத் திறப்பது நியாயம், ஏனென்றால் காரணம் தெரியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் போன மாதம் கலந்து வைத்த கேன் எனக்கு வேண்டாம்.

அப்புறம் அந்த ஆயில் வைத்தியம். இன்ஜின் சூடாகிறது என்றால் ஆயிலைக் கூட்டிக் கலக்கச் சொல்கிறார்கள். அதே நீடில் துளை வழியாக ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். கலவை இன்னும் லீன் ஆகும். இன்ஜின் தயாரித்தவர் சொன்ன விகிதத்தில், நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலாகப் போட்டு, அதை மாற்றாமல் இருந்தாலே பாதிக் குழப்பம் குறையும்.

தம்பியின் விமானத்துக்கு வருகிறேன். நிரம்பிய டேங்க்கில் நன்றாக ஓடுகிறது, பாதி காலியானதும் சாகிறது. தரைச் சோதனை எல்லாம் நிரம்பிய டேங்க்கில்தான் நடந்தது, அதனால் யாருக்கும் பிடிபடவில்லை. டேங்க்கைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது சிலிக்கான் டியூப். குளோ என்ற இன்னொரு வகை இன்ஜினின் மெத்தனால் எரிபொருளுக்குச் சரியானது; பெட்ரோலில் உப்பி, மிருதுவாகிக் கிழிந்துவிடும். கடைக்காரர் இதுவே போதும் என்று கொடுத்திருக்கிறார். மூடிக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கிழிசல். பெட்ரோல் மட்டம் அதற்குக் கீழே இறங்கும்வரை எதுவும் தெரியாது. இறங்கியதும் பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்கும். அதுதான் ஏழாவது நிமிடம்.

பெட்ரோலுக்கான டியூப்பை மாற்றி, நீடிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். பதினோரு நிமிடம் பறந்து, டேங்க்கில் ஒரு விரல் பெட்ரோலோடு இறங்கினான். பொங்கலுக்கு அவனும் சென்னை போகிறான், விமானத்தோடு. முதல் பறப்புக்கு முன் ஹை நீடிலை அரைக்கால் சுற்று திறந்து, டாக்கோமீட்டர் வைத்து அங்கேயே புதிதாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே இருந்த அளவைப் பேப்பரில் எழுதி டேங்க் மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டான்.